எம்ஆர்டி தடத்துக்கு எதிரே வீடு: சத்தத்தைக் குறைக்க யாரிடம், என்ன கேட்க வேண்டும்?

ஆறாம்மாடி
வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, 6ஆம் மாடி. படுக்கையறைச் சன்னலுக்கு நேரெதிரே எம்ஆர்டி (நகர ரயில்) மேம்பாலத் தடம், சுமார் 35 மீட்டர் தூரம். பக்கத்து புளோக் வரைக்கும் சத்தத் தடுப்புச் சுவர் வந்திருக்கிறது, எங்கள் புளோக்கின் முன்னால் இல்லை. மூன்று கேள்விகள்.

சுவர் கேட்பதற்குச் சரியான வழி என்ன? வெறும் புகாராக இல்லாமல் எதை வைத்துக் கேட்டால் எடுபடும்?

சன்னல் கான்ட்ராக்டர் ஒருவர் ரெட்டைக் கண்ணாடி போட்டால் சத்தமே வராது என்கிறார். அவர் சொல்லும் தொகைக்கு அது தகுமா?

மூன்றாவது, என் அண்ணனுக்காக. அவர் அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் இருக்கிறார். ஊர் நடுவே சரக்கு ரயில் போகிறது. நகரசபை ரயில்வே கேட்டுகளைச் சீரமைத்தால் ரயில் ஹாரனே அடிக்காமல் போகும் என்று பேச்சாம். அது நடக்கிற காரியமா? நடக்கும் என்றால், அதேபோல ஒரு விதியை மாற்றி இங்கேயும் சத்தத்தை நிறுத்த முடியாதா?

பாதைப்பணி
கடைசிக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. அங்கே சத்தம் வருவது சட்டத்தால்: சாலை குறுக்கிடுவதால் ஹாரன் அடித்தே ஆகவேண்டும். சாலையைப் பத்திரமாக்கினால் ஹாரனை விடலாம். இங்கே ரயில் பாதையைச் சாலை எங்கும் குறுக்கே வெட்டுவதில்லை. மலேசியாவிலிருந்து மலாயா ரயில் நகருக்குள் ஓடிய காலத்தில் கிராஞ்சி சாலை, சுவா சூ காங் சாலை போன்ற இடங்களில் கேட் இருந்தது. 2011 ஜூலை 1 முதல் ரயில் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸோடு நின்றதும் அவையும் போயின. உங்கள் காதில் விழுவது சக்கரமும் தண்டவாளமும் உரசும் சத்தம். அதற்கு விதி மாற்றம் உதவாது, இரும்பைத்தான் சரி செய்யவேண்டும்.

ஆகவே முதல் வேலை, எந்தச் சத்தம் என்று பிரிப்பது. "ரயில் சத்தம் தாங்கவில்லை" என்று எழுதினால் பதிலும் அதே பொதுவான வார்த்தைகளில்தான் வரும்.

எல்லா ரயிலுக்கும், தடத்தின் நீளம் முழுக்க, ஒரே சுருதியில் ஊளை போல வந்தால் பெரும்பாலும் தண்டவாளத்தின் மேல்பரப்பில் அலை விழுந்திருக்கிறது. மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு மேடு பள்ளம். ஆழம் தலைமுடிப் பருமனைவிடக் குறைவு, கண்ணுக்குப் பளபளப்பும் மங்கலுமாக வரிவரியாகத் தெரியும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ரயில் வினாடிக்கு 16.7 மீட்டர் போகிறது. அலை 4 சென்டிமீட்டர் என்றால் சுருதி 420 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும். ரயில் வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும், அடையாளம் அதுதான். மருந்து, அரைவை வண்டியை விட்டு மேல்பரப்பைத் தேய்த்து எடுப்பது. தேய்த்த புதிதில் சில வாரம் மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்கும், அரைவைக் கல்லின் கீறல் மழுங்கும் வரை. அதைப் பார்த்து "தேய்த்தும் பயனில்லை" என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஏதோ ஒரு ரயில் மட்டும் டபடபவென்று அடித்துக்கொண்டு போனால் அது சக்கரத்தின் குறை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் உருளாமல் சறுக்கினால் ஓரிடம் தட்டையாகிவிடும். 84 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 2.6 மீட்டர், 60 வேகத்தில் வினாடிக்கு ஆறு அடி விழும். இதற்குச் சுவரும் வேண்டாம் மனுவும் வேண்டாம். தேதி, நிமிடம் வரை நேரம், எந்தத் திசை, இந்த மூன்றையும் ரயில் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். எந்த ரயில் என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியும். டெப்போவில் சக்கரத்தைக் கழற்றாமலே கடைந்து உருட்டையாக்கும் இயந்திரம் உண்டு.

எல்லா ரயிலும் ஒரே இடத்தில் மட்டும் "டடக்" என்றால் அங்கே தடம் மாற்றும் இடமோ, மின்காப்பு இணைப்போ, அமுங்கிப்போன வெல்டோ இருக்கும். வளைவில் காதைக் கிழிக்கும் கிரீச் வேறு ரகம். சக்கரம் பக்கவாட்டில் ஒட்டி ஒட்டி வழுக்குவதால் வருவது. நல்ல மழையில் கிரீச் அடங்கினால் சந்தேகமே இல்லை. எண்ணெய்ப்பசை பூசும் கருவி அங்கே வேலை செய்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக, சன்னலைச் சாத்தியும் நெஞ்சில் குமுகுமுவென்று உணர்கிறீர்களா? பாலமே அதிர்ந்து எழுப்பும் 40 முதல் 100 ஹெர்ட்ஸ் ஒலி அது. அதற்குத் தடுப்புச் சுவர் உதவாது. தண்டவாளத்துக்கு அடியில் மெத்தை போடும் வேலை, தடத்தையே பிரிக்கவேண்டிய பெரிய வேலை.

ஒலிமானி
சுவருக்கான அளவுகோல்: தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் வரம்பு, ரயில் சத்தத்துக்கு ஒரு மணி நேரச் சராசரி 67 டெசிபல். இந்தச் "சராசரி"யில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கைபேசியில் 80 காட்டியது என்று படம் எடுத்து அனுப்புவார்கள். அது ஒரு நொடியின் உச்சம், வரம்பு அதைப் பற்றியது அல்ல.

கணக்கு எளிது. ஒரு ரயில் கடக்கும்போது 15 வினாடிக்கு 75 டெசிபல் என்று வையுங்கள். உச்ச நேரத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒன்று, இரு திசையும் சேர்த்து மணிக்கு 40 ரயில். 600 வினாடி, அதாவது மணியில் ஆறில் ஒரு பங்கு. ஆறில் ஒரு பங்கு என்றால் 7.8 டெசிபல் கழிவு, சராசரி 67.2. வரம்பைத் தொட்டுவிட்டீர்கள். அதே வீட்டில் மணிக்கு 20 ரயில் ஓடும் நேரத்தில் அளந்தால் 64.2தான் வரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அளந்துவிட்டு "வரம்புக்குள் இருக்கிறது" என்று மனம் சோரவேண்டாம். வாரநாள் காலை 7.30 முதல் 8.30 வரை அளங்கள்.

ஐபோன் இருந்தால் நயோஷ் (NIOSH, அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்) ஒலி அளக்கும் செயலி இலவசம், சராசரியும் தரும். ஆண்ட்ராய்டில் கைபேசிக்குக் கைபேசி மைக் மாறுவதால் எண்ணை நம்பமுடியாது, முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் ஆகும். சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடிக்காதீர்கள், கைபேசி விழுந்தால் கீழே நடப்பவர் தலையில்தான். சன்னலை முழுக்கத் திறந்து, விளிம்பருகே உள்ளே வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு அளந்தால் போதும். அதிகாரபூர்வ அளவை எப்படியும் நிலப் போக்குவரத்து ஆணையம்தான் எடுக்கும். உங்கள் எண் அவர்களை அளக்க வரவழைப்பதற்கு.

எழுதும்போது தனி வீடாக இல்லாமல் புளோக்காக எழுதுங்கள். எந்த மாடி, எந்த யூனிட் வரிசை, எந்த நேரம், என்ன ரகச் சத்தம் என்று ஒரு பக்க அட்டவணை. அதையே எம்.பி.யின் மக்கள் சந்திப்பிலும் கொடுக்கலாம். நகர மன்றத்தின் அதிகாரம் தடத்துக்கு எட்டாது, அங்கே நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

கிழக்கு வாசி
எதற்கு இவ்வளவு? சுவர் வந்தால் முடிந்தது லா. எங்கள் பக்கம் வந்த பிறகு டிவி சத்தத்தைக் கூட்டவே தேவையில்லை.

ஒலிமானி
எந்த மாடி என்பதைப் பொறுத்தது அண்ணே. சுவரால் 5 முதல் 10 டெசிபல் குறையும் என்றுதான் ஆணையமே சொல்கிறது. 10 குறைந்தால் காதுக்குப் பாதியாகத் தெரியும், 5 என்றால் "பரவாயில்லை" ரகம். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்கு மறைந்தால்தான் அந்தப் பலன்.

கேள்வி கேட்டவரின் வீட்டையே எடுப்போம். 6ஆம் மாடிச் சன்னல் தரையிலிருந்து ஏறக்குறைய 16 மீட்டர், தண்டவாளம் 9 மீட்டர் என்று வைத்தால் 7 மீட்டர் உயரத்திலிருந்து 35 மீட்டர் தூரத்தைப் பார்க்கிறார். மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் சரிவு. சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளியுள்ள பக்கத்துத் தடத்தை மறைக்க, தண்டவாள மட்டத்துக்கு மேல் 40 சென்டிமீட்டர் சுவர் போதும். 6 மீட்டர் தள்ளியுள்ள எதிர்த் தடத்துக்கு 1.2 மீட்டர் வேண்டும். ஒன்றரை மீட்டர்ச் சுவர் வந்தால் அவருக்கு இரண்டு தடமும் மறையும், நல்ல பலன்.

அதே புளோக்கில் 12ஆம் மாடி: பக்கத்துத் தடத்துக்கு 1.4 மீட்டர், எதிர்த் தடத்துக்கு 4 மீட்டருக்கும் மேல். பழைய பாலத்தில் அந்த உயரத்துக்கு எழுப்பினால் எடையும் காற்றழுத்தமும் பாலத்தின் ஓரத்தில் விழும், அதைப் பாலம் தாங்கவேண்டும். மேல்மாடிக்காரர் தண்டவாள அரைவையைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். அலை விழுந்த தண்டவாளத்தைத் தேய்த்தால் எல்லா மாடிக்கும் குறையும்.

ஆறாம்மாடி
மிக்க நன்றி. எங்களுக்கு வருவது ஊளை, எல்லா ரயிலுக்கும், மழையிலும் நிற்பதில்லை. போன ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. அப்படியானால் தண்டவாள அலை என்று எடுத்துக்கொள்ளலாமா? சன்னல் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

பாதைப்பணி
கூடிக்கொண்டே வருகிறது என்றால் அலைதான். சுவர் நிரந்தரம், அலை வளர்வது. இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள், சுவர் கோரிக்கையின் வரிசையில் அரைவையும் மாட்டிக்கொள்ளும். ஆணையத்துக்கும் ரயில் நிறுவனத்துக்கும் தனியாக இப்படி எழுதுங்கள்: "இன்ன புளோக்குக்கு எதிரே, இன்ன நிலையத்துக்கும் இன்ன நிலையத்துக்கும் இடையே, இன்ன திசைத் தடத்தில், எல்லா ரயில்களுக்கும் ஒரே சுருதியில் ஊளை. வேகம் குறைந்தால் சுருதி இறங்குகிறது. தண்டவாள மேல்பரப்பைச் சோதித்து, கடைசியாக எப்போது அரைத்தீர்கள், அடுத்து எப்போது என்று தெரிவிக்கவும்." அரை நிமிட ஒலிப்பதிவு ஒன்றை இணைத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று: அரைப்பது நள்ளிரவில்தான் நடக்கும். கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் இடையே கையில் கிடைப்பது மூன்று, மூன்றரை மணி நேரம். அந்த இரவுகளில் சத்தம் மோசமாக இருக்கும். அதற்கும் புகார் போட்டு வேலையை நிறுத்தவைத்தவர்கள் இருக்கிறார்கள், பிறகு ஊளையும் அப்படியே கிடக்கும்.

சன்னல்காரர்
"சத்தமே வராது" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

கடைகளில் ரெட்டைக் கண்ணாடி என்று கொடுப்பது 6 மில்லிமீட்டர் கண்ணாடி, 12 மில்லிமீட்டர் காற்று, மறுபடி 6 மில்லிமீட்டர். வெயிலுக்கு நல்லது. சத்தத்துக்கு, அந்த மெல்லிய காற்று இடைவெளி 200 ஹெர்ட்ஸ் அளவில் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து ஒலியைக் கடத்திவிடும். ரயிலின் உறுமல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதே காசுக்கு 5+5 லேமினேட் (இரண்டு 5 மில்லிமீட்டர் தகட்டை நடுவே படலம் வைத்து ஒட்டியது) ஒற்றைக் கண்ணாடி பெரும்பாலும் பரவாயில்லை. 6 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடி ஆய்வுக்கூடத்தில் 31 டெசிபல் தடுத்தால் அது 36 தடுக்கும்.

ஆனால் கண்ணாடியைவிட இடுக்குதான் எதிரி. 1.2 மீட்டர் சதுரச் சன்னலை 1.2 சென்டிமீட்டர் திறந்து வையுங்கள். பரப்பில் ஒரு விழுக்காடுதான். கண்ணாடி எத்தனை தடிமனானாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. இழுப்புச் சன்னலில் இரண்டு கதவு ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் மயிர்த் தூரிகைதான் இருக்கும், காற்று போகிற வழியில் சத்தமும் போகும். ரப்பர் பட்டையை அழுத்திச் சாத்தும் கீல் சன்னலே இதற்குச் சரி. மாற்றும் முன் ஒரு சோதனை: இடுக்குகளை எல்லாம் களிமண் மாதிரியான புட்டியால் ஒரு நாள் அடைத்துப் பாருங்கள். அதிலேயே பாதி நிம்மதி கிடைத்தால் உங்களுக்கு வேண்டியது புதுக் கண்ணாடி அல்ல, நல்ல ரப்பர்.

நிஜமாகவே வித்தியாசம் வேண்டும் என்றால் இருக்கும் சன்னலை விட்டுவிட்டு, உள்பக்கம் 10 சென்டிமீட்டர் தள்ளி இரண்டாவது சன்னல். அந்த ஸ்பிரிங் விளைவு 70 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும், ஊளை நன்றாக அடங்கும். சுவரின் பருமன் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று முதலில் அளக்கவேண்டும்.

வெளிச் சன்னலைத் தொடுவதானால் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பட்டியலில் உள்ள சன்னல் கான்ட்ராக்டர்தான் செய்யவேண்டும். வீவக விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கீல் சன்னலில் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டா என்று நேரில் பாருங்கள், அலுமினிய ரிவெட் கூடாது. எல்லாவற்றையும் சாத்திய பிறகு ஏர்கான் இல்லாமல் தூங்கமுடியாது, மின்கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.

கிராசிங் கணக்கர்
அண்ணனின் ஊருக்கு வருகிறேன். நடக்கிற காரியம்தான். ஆனால் நகரசபைக் கூட்டத்தில் சொல்வதைவிட வேலை அதிகம்.

அமெரிக்காவில் 2005 முதல் நடப்பிலுள்ள கூட்டாட்சி விதிப்படி, பொதுச்சாலை கேட்டுக்கு 15 முதல் 20 வினாடி முன்பே ஹாரன் தொடங்கவேண்டும்: இரண்டு நீளம், ஒரு குறில், ஒரு நீளம். எஞ்சினுக்கு முன்னே 100 அடியில் 96க்குக் குறையாமலும் 110க்கு மேல் போகாமலும் டெசிபல். இதிலிருந்து விலக்கு வாங்கிய பாதைத் துண்டு குறைந்தது அரை மைல் நீளம் இருக்கவேண்டும், அதிலுள்ள ஒவ்வொரு பொதுச்சாலை கேட்டிலும் மின்னும் விளக்கும் இறங்கும் கேட்டும் இருக்கவேண்டும். விண்ணப்பிப்பது ஊராட்சி, ரயில் நிறுவனம் அல்ல.

கணக்கு இப்படி: கேட் உள்ள கிராசிங்கில் ஹாரனை நிறுத்தினால் விபத்து அபாயம் 66.8 விழுக்காடு கூடும் என்று விதி எடுத்துக்கொள்கிறது. 100 இருந்தது 166.8 ஆகும். அதைக் கீழே கொண்டுவரச் சாதனங்கள். வண்டிகள் கேட்டைச் சுற்றிப் போகாதபடி சாலை நடுவே பிளாஸ்டிக் கம்பம் நட்ட தடுப்புக்கு 75 விழுக்காடு குறைப்பு, வண்டி ஏறமுடியாத கான்கிரீட் திட்டுக்கு 80, சாலையை முழுக்க அடைக்கும் நான்கு கையுள்ள கேட்டுக்கு 82, கிராசிங்கை மூடிவிட்டால் 100.

இங்கேதான் சுவாரசியம். விலக்கு கேட்கும் பாதை முழுவதற்கும் சராசரிதான் பார்ப்பார்கள், அது பழைய 100ஐத் தாண்டக்கூடாது. ஒரே அளவு அபாயமுள்ள இரண்டு கிராசிங் என்று வைப்போம், ஒன்றை மட்டும் சீரமைக்கக் காசிருக்கிறது. கான்கிரீட் திட்டு போட்டால் 33.4, தொடாதது 166.8, சராசரி 100.1. மயிரிழையில் தோல்வி! நான்கு கை கேட் என்றால் 30, சராசரி 98.4, தேறிவிடும். அதனால் எந்தச் சாதனம் என்று முடிவெடுக்கும் முன் கூட்டாட்சி ரயில்பாதை நிர்வாகத்தின் இணையக் கணிப்பானில் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், ஒவ்வொரு கிராசிங்கின் பதிவேட்டிலும் வாகன எண்ணிக்கையும் ரயில் எண்ணிக்கையும் இன்றைய நிலவரம்தானா என்று பார்க்கவேண்டும். பழைய எண்ணில் போட்ட கணக்கு கடைசி நேரத்தில் கவிழும்.

பிறகு அறிவிப்புகள்: எண்ணத்தைத் தெரிவிக்கும் முதல் அறிவிப்புக்கு 60 நாள் கருத்துக்காலம், நடைமுறைக்கு வர 21 நாள் முன்பு இறுதி அறிவிப்பு. செலவு, ஒரு கிராசிங்குக்கு 30,000 டாலரிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் வரை போகும். அந்த இடைவெளி பொய்யல்ல: கம்பம் நடுவது சாலை வேலை, நான்கு கை கேட் சிக்னல் வேலை. சிக்னலைத் தொட்டால் வடிவமைப்பும் பொருத்துவதும் ரயில் நிறுவனத்தின் வழியாகத்தான், அவர்கள் விலையில், அவர்கள் வேகத்தில்.

எல்லாம் முடிந்தாலும் கேட் மணி அடிக்கும். தண்டவாளத்தில் ஆளோ மாடோ நின்றால், வேலையாட்கள் இருந்தால் ஹாரனும் அடிக்கும். "இனி சத்தமே இல்லை" என்று ஊராருக்கு வாக்குக் கொடுத்தால் பிறகு திட்டு வாங்கவேண்டியது நகரசபைதான்.

ஆறாம்மாடி
அருமை சார். அண்ணனிடம் கேட்டேன். திட்டு போடுவதாகத்தான் பேச்சாம். ஆனால் கேட்டிலிருந்து சுமார் 40 அடியில் ஒரு பெட்ரோல் நிலைய வாசல் இருக்கிறதாம். பிரச்சினையாகுமா?

கிராசிங் கணக்கர்
ஆகும். நடுத்தடுப்பு கேட் கையிலிருந்து 100 அடி நீளம் வேண்டும். அதற்குள் சாலைச் சந்திப்பு வந்தால் குறைந்தது 60 அடி. அந்த 60 அடிக்குள் தெருவோ கடை வாசலோ இருந்தால் மூடவேண்டும், அல்லது தள்ளி வைக்கவேண்டும். நான்கு குடும்பம் வரை வசிக்கும் வீட்டு வாசலுக்கு விலக்கு உண்டு, பெட்ரோல் நிலையத்துக்குக் கிடையாது. தடுப்பைக் குறுக்கி வாசலை விட்டுவைத்தால் முழுக் குறைப்பு கிடைக்காது, தனி ஒப்புதலுக்கு அலையவேண்டும்.

வழி மூன்று. வாசலைப் பின் தெருவுக்கு மாற்ற உரிமையாளர் சம்மதித்தால் அதுதான் மலிவு. அவருக்கு டேங்கர் லாரி திரும்ப இடம் இருக்கிறதா என்பதை முதலில் வரைந்து காட்டவேண்டும், இல்லாவிட்டால் பேச்சே நகராது. இல்லையேல் நான்கு கை கேட், அதற்கு வாசல் தடையில்லை. இரண்டும் முடியாவிட்டால் கிராசிங்கிலேயே கம்பத்தில் ஹாரன் பொருத்தி சாலைப் பக்கமாகத் திருப்புவது. எஞ்சின் ஹாரனுக்குப் பதில் அது அடிக்கும். கால் மைலுக்கு ஊர் முழுக்கக் கேட்டது, சாலையோர நாலைந்து வீடுகளுக்கு மட்டும் கேட்கும். அண்ணனின் வீடு அந்த நாலைந்தில் ஒன்றா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.